ஹெரால்டுக்குக் கிரீஸ் ஆகாது

திங்கட்கிழமை காலை ஏழே கால் மணி. காரைப் பின்னால் எடுத்து, கேட்டுக்கு வெளியே வந்ததும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். கோயிலில் தேங்காய் உடைக்கிற மாதிரி, அவ்வளவுதான். காரின் இடது பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரம் மட்கார்டுக்குள் மல்லாந்து கிடக்கிறது. வேகம் ஐந்து கிலோமீட்டர்கூட இருந்திருக்காது.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் சேலத்தில் ஒரு கல்யாணத்துக்காக நாங்கள் நான்கு பேரும் இதே காரில் தொப்பூர் கணவாய் இறங்கியிருந்தோம். முன்னால் சிமென்ட் லாரி, பின்னால் டேங்கர். ஞாயிறு இரவு அதே வழியாக ஏறி தருமபுரி வந்து சேர்ந்தோம். சக்கரம் மடங்கிய சத்தம் கேட்டு வெளியே வந்த மனைவி காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் உள்ளே போய் சாமி விளக்கை ஏற்றினாள். நான் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

கார் 1964 ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் செய்தது. 948 சிசி எஞ்சின். அப்பா காலத்து வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் சேலம் மாவட்டம் என்றுதான் இருக்கும், ஏனென்றால் தருமபுரி மாவட்டம் பிறந்ததே 1965-இல். மாவட்டத்தைவிட ஒரு வயது மூத்தது என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

இங்கிலாந்தில் டிரையம்ஃப் கம்பெனி 1959-இல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. அதே அடிச்சட்ட வடிவத்தைக் குட்டையாக்கி 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. முன்சக்கர அமைப்பும் அதேதான். ஸ்பிட்ஃபயர் 1980 வரை வந்தது, இன்றைக்கும் அதை வீட்டிலேயே கழற்றி மாட்டுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். என் ஹெரால்டு இப்போது ஓடுகிறதென்றால் அந்த ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியங்களின் புண்ணியம்தான். அது பின்னால் வரும்.

முதலில் உடைந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். முன்சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்தான இரும்புக்கு வெர்ட்டிக்கல் லிங்க் என்று பெயர். அதன் மேல்முனை ஒரு பால் ஜாயின்டில், அதாவது பந்து மூட்டில், நிற்கும். கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, டிரன்னியன் என்கிற கைப்பிடி அளவு பித்தளைக் கட்டிக்குள் திருகி நிற்கும். நாம் ஸ்டியரிங் ஒடிக்கும் ஒவ்வொரு தடவையும் போல்ட்டும் நட்டும் போல அது கொஞ்சம் உள்ளே திருகும், கொஞ்சம் வெளியே திருகும். காரின் முன்பாரம் முழுக்க அந்த மரையில்தான்.

அந்த மரைக்கு ஊற்ற வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது, 6000 மைலுக்கு ஒரு தடவை என்று. நான் பதினான்கு வருஷமாகக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். அம்பாசிடருக்குக் கிரீஸ், ஜீப்புக்குக் கிரீஸ், டிராக்டருக்குக் கிரீஸ், கிரீஸ் அடிக்கிற நிப்பிளைப் பார்த்தால் கை தானாகக் கிரீஸ் கன்னைத் தேடும். கையேடு பீரோவில் பிளாஸ்டிக் கவர் போட்டுப் பத்திரமாக இருந்தது.

உடைந்த முகத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. மரையின் குறுக்கு வெட்டு நம் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சின்னது. அதில் முக்கால்வாசி காப்பிப்பொடி நிறம், பழைய துரு. ஓரத்தில் மட்டும் மூன்றாம் பிறை மாதிரி ஒரு கீற்று வெள்ளையாகப் பளபளத்தது. அந்தக் கீற்று மட்டும்தான் அன்று காலை உடைந்தது. மற்றதெல்லாம் எப்போதோ விரிசல் விட்டு, தண்ணீர் குடித்து, துருவேறிப் போயிருக்கிறது. தொப்பூர் இறங்கும்போது எங்கள் நான்கு பேரையும் தாங்கியது அந்தப் பிறைதான்.

டிரன்னியனுக்குள் விரலை விட்டால் கிரீஸ் ஒரு பக்கம் மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது. அடியில் சிவப்புச் சேறு. மரைக்குள் கிரீஸ் போகவே இல்லை. உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் மூடி போட்டதுதான் அது செய்த வேலை.

காரிமங்கலத்தில் ஒரு பழைய மெக்கானிக் இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். நான் பாய் என்று கூப்பிடுவேன். பேருந்தில் வந்து இறங்கி, பார்த்துவிட்டு, "தம்பி, இன்னொரு பக்கத்தையும் கழட்டு. அதுவும் இதே கிரீஸ் தின்னதுதானே" என்றார். டீ குடித்துவிட்டு அடுத்த பேருந்தில் போய்விட்டார்.

சரி, காரைத் தூக்கியதிலிருந்து சொல்கிறேன். எங்கள் கார் நிறுத்துமிடத்தில் கிருஷ்ணகிரி கிரானைட் போட்டிருக்கிறோம், பாலிஷ் செய்தது. பார்க்க அழகு, வண்டி வேலைக்குச் சனியன். தெருப் பையன்கள் ஆறு பேர் பிடித்து, பலகை கொடுத்து, காரை உள்ளே நகர்த்தினார்கள். டிராலி ஜாக்கை ஏற்றியதும் ஸ்டாண்டு கல்லில் வழுக்கி ஒரு சாண் நகர்ந்தது. சாக்கு விரித்தேன், சாக்கோடு சேர்ந்து வழுக்கியது. கடைசியில் பழைய லாரி டியூபை வெட்டி நான்கு துண்டாக விரித்து, அதன் மேல் ஸ்டாண்டு வைத்தேன். அப்புறம் அசையவில்லை. காருக்கு அடியில் எப்போது கை விட்டாலும் கழற்றிய சக்கரத்தைச் சட்டத்துக்குக் கீழே படுக்க வைத்துவிடுவேன். ஸ்டாண்டு சரிந்தாலும் சக்கரத்தின் மேல்தான் விழும்.

ஹெரால்டில் ஒரு சௌகரியம். பானட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்துவிடும். டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். இந்த வேலைக்கும் அது பெரிய உதவி. முதுகு பிழைத்தது.

ஸ்பேனர் விஷயம். இந்த வண்டியின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு, ஏ.எஃப். அளவு, அதாவது போல்ட் தலையின் எதிரெதிர் முகங்களுக்கு இடையிலான அகலம். 5/8-க்கு 16 எம்எம் ஸ்பேனர் கச்சிதமாக உட்காரும், வித்தியாசம் முடியளவுதான். ஆனால் 1/2-க்கு 13 எம்எம் போட்டால் தொளதொளவென்று ஆடி, மூலைகளைத் தின்றுவிடும். 7/16-க்கு 11 எம்எம் ஏறவே ஏறாது. நான் 13-ஐப் போட்டு இரண்டு போல்ட் தலைகளை உருண்டையாக்கிய பிறகுதான் ஓசூரில் பழைய ஏ.எஃப். செட் ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். வேலை தொடங்குவதற்கு முன்னால் வாங்க வேண்டியது.

அதே ஓசூர்ப் பயணத்தில் தெரிந்தவரிடம் ஸ்பிரிங் அமுக்கும் கருவி ஒன்றையும் இரவல் வாங்கி வந்தேன். காயில் ஸ்பிரிங் தெறித்து முகத்தில் அடிக்கும் என்று பயம். எட்டு கிலோ இரும்பைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் வந்து, கழற்ற உட்கார்ந்தால் அதற்கு வேலையே இல்லை. இந்த வண்டியில் ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரின் மேலேயே மாட்டியிருக்கிறது. ஷாக்கைக் கழற்றாத வரைக்கும் ஸ்பிரிங் எங்கேயும் போகாது. டிரன்னியனைச் சட்டத்தோடு சேர்க்கும் கீழ்க்கை கொஞ்சம் தொங்கி, ஷாக்கின் நீளத்தில் நின்றுவிடும். ஒரு நாள் வீண்.

ஹப், டிரம் எல்லாம் சத்தமில்லாமல் வந்தன. பிரேக் பேக்பிளேட்டைக் கழற்றி, ஹோஸ் இழுபடாமல் கட்டுக்கம்பியால் மேல்கையில் தொங்கவிட்டேன். அப்படிச் செய்தால் பிரேக் லைனைத் திறக்க வேண்டாம், ஏர் எடுக்கிற வேலை மிச்சம். ஸ்டியரிங் முனை பால் ஜாயின்டுக்குப் புல்லர் வைத்து முறுக்கினேன், வரவில்லை. பாய் போனிலேயே சொன்னார், அது உட்கார்ந்திருக்கும் துளைக் கண்ணின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இரண்டு சுத்தியலால் அடி என்று. மூன்றாவது அடியில் 'டொப்' என்று விழுந்தது.

டிரன்னியனைக் கீழ்க்கையோடு சேர்க்கும் குறுக்கு போல்ட் மட்டும் நான்கு ராத்திரி வாங்கியது. உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு அது துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினேன், பிரேக் ஆயில் ஊற்றினேன், அடித்தேன். சூடு காட்டலாமா என்று கேட்டால், "உள்ள நைலான் புஷ் உருகும், இரும்பு அசையாது. அறுத்துடு தம்பி" என்றார் பாய். கீழ்க்கைக்கும் டிரன்னியனுக்கும் நடுவில் ஹாக்ஸா பிளேடு நுழைகிற இடைவெளிதான் இருக்கிறது. பிளேடை மட்டும் கையில் துணி சுற்றிப் பிடித்து, இரண்டு பக்கமும் அறுத்தேன். இருபது ரூபாய் பிளேடுகள் ஐந்துக்குப் பல் போனது. அப்புறம் தொண்ணூறு ரூபாய் பைமெட்டல் பிளேடு ஒன்று வாங்கினேன், மிச்சத்தை அதுவே முடித்தது. வலது பக்கத்துக்கு முதல் நாளே அந்த பிளேடைத்தான் எடுத்தேன், ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

இனி நான் கெட்டிக்காரத்தனம் செய்த கதை.

உடைந்த இடது லிங்க்குக்கு மாற்று தேடி சென்னை புதுப்பேட்டைக்குப் போனேன். அரை நாள் அலைந்ததில் பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒரு இடது லிங்க் கிடைத்தது. 2,500 ரூபாய். டிரன்னியன் இல்லை. போனால் போகிறது, பித்தளைக் கட்டிதானே, லேத்தில் கடைந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். ஓசூரில் அருமையான லேத் பட்டறைகள் உண்டு. ஒருவர் கன்மெட்டல் உருளை வாங்கி, இரண்டு பக்கத்துக்கும் கடைந்து கொடுத்தார். இடது பக்கத்துக்கு இடது மரை, வலது பக்கத்துக்குச் சாதா மரை. ஒன்றை மற்றதில் மாட்ட முடியாது. கூலியும் உலோகமும் சேர்த்து 7,200 ரூபாய்.

வீட்டுக்குக் கொண்டுவந்து திருகினால், வலது பக்கம் நடுவில் நன்றாகப் போய், மேலே மூன்று மரை மிச்சம் இருக்கும்போது இறுகி நின்றுவிட்டது. வெர்னியர் வைத்து அளந்தேன். மேல்முனையில் தேயாத மரைக்கும் நடுவில் தேய்ந்த மரைக்கும் வெளிவிட்டத்தில் 0.6 மில்லிமீட்டர் வித்தியாசம். லேத்காரர் நடுப்பகுதிக்குப் பொருத்தமாக வெட்டியிருக்கிறார், நான் கேட்டதும் அதைத்தான். மறுபடி கொண்டுபோய்க் கொஞ்சம் இளக்கி வெட்டச் சொன்னேன். இப்போது மேல்முனை வரை போகிறது, நடுவில் கடகடவென்று ஆடுகிறது. தேய்ந்த மரைக்குப் புதுப் பித்தளை எப்படிச் செய்தாலும் ஒரு இடத்தில் இறுகும், ஒரு இடத்தில் ஆடும். குற்றம் லேத்காரருடையது இல்லை. எனக்கு அது புரிய இரண்டு ஓசூர்ப் பயணம் ஆனது.

ஆடினால் ஆடட்டும், இடது பக்கத்தையாவது மாட்டிப் பார்ப்போம் என்ற எண்ணம் அப்போதும் இருந்தது. ஃபேப்ரிகேஷன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் வெல்டிங் விரிசல் பார்க்கும் மூன்று ஸ்பிரே டப்பாக்களோடு வந்தார். முதல் டப்பாவால் துடைத்துச் சுத்தம் செய்தோம். இரண்டாவது சிவப்புச் சாயம். அடித்துவிட்டுப் பத்து நிமிடம் விட்டோம். துணியால் வெளிச்சாயத்தை எல்லாம் துடைத்தோம். மூன்றாவது டப்பா சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. அடித்ததும் புதுப்பேட்டை லிங்க் முழுக்க வெள்ளையாகி, கல்யாண வீட்டுச் சுவர் மாதிரி நின்றது. இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. நண்பர் டீக்குக் கை நீட்டினார். அப்போது மரை ஆரம்பிக்கும் இடத்தில், முதல் பள்ளத்துக்குள், ஊசியால் கீறிய மாதிரி ஒரு சிவப்புக் கோடு மெதுவாக எழுந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்கக் கோடு கொஞ்சம் தடித்தது. மரையைச் சுற்றி மூன்றில் ஒரு பங்கு.

என் வலது லிங்க்கையும் சோதித்தோம். அதில் கோடு இல்லை. ஆனால் 0.6 மில்லிமீட்டரைப் பார்த்த பிறகு அதையும் வைத்துக்கொள்ள மனசில்லை. புதுப்பேட்டை லிங்க்கை யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று அன்றைக்கே குறுக்கே அறுத்துப் போட்டேன்.

இனிமேல்தான் ஸ்பிட்ஃபயர் புண்ணியம். அக்கா பையன் இங்கிலாந்தில் கவென்ட்ரியில் வேலை செய்கிறான். டிரையம்ஃப் தொழிற்சாலை இருந்த அதே ஊர், அவனுக்கு அது தெரியாது. ஸ்பிட்ஃபயர்காரர்களுக்காக இன்றும் புதிதாகச் செய்து விற்கிற வெர்ட்டிக்கல் லிங்க் இரண்டு, டிரன்னியன் இரண்டு, நைலான் புஷ், ரப்பர் சீல், போல்ட் எல்லாம் அடங்கிய பொட்டலம் இரண்டு என்று பட்டியல் அனுப்பினேன். எல்லாம் சேர்த்து நம் பணத்தில் 41,000 ஆயிற்று. டிரம் பிரேக் வண்டிக்கு உரியது, இடது வலது இரண்டும் வேண்டும் என்று இரண்டு தடவை எழுதிக் கேட்டு வாங்கச் சொன்னேன். தீபாவளிக்கு வரும்போது பெட்டியில் துணிக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தான். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, இது என்ன என்று கேட்டார்களாம். "மாமாவோட கார் கால்" என்றிருக்கிறான்.

மாட்டுகிற வேலை கழற்றுவதைவிடச் சுகம். நைலான் புஷ்களை விரலால் அழுத்தினாலே டிரன்னியனுக்குள் உட்கார்ந்துவிட்டன. இரும்புக் குழாய் மேல் மட்டும் லேசாகக் கிரீஸ் தடவினேன், அடுத்த தடவை ஹாக்ஸா எடுக்க வேண்டாம் என்பதற்காக. குறுக்கு போல்ட்டுக்கும் அதே. மரைக்குள் கிரீஸ் ஒரு துளியும் படாமல் கையைத் துடைத்துவிட்டு, டிரன்னியனுக்குள் பாதி வரைக்கும் 90 ஆயில் ஊற்றி, அப்புறம் லிங்க்கைத் திருகினேன். ஆயில் மேலேறி சீல் ஓரத்தில் வழிந்தது.

இங்கேயும் ஒரு தப்பு. இடது பக்கத்தைக் கடைசி வரை இறுகத் திருகி, அப்படியே மாட்டிவிட்டேன். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் முழுக்கப் போகவில்லை, பாதியில் கல் மாதிரி நின்றது. உள்ளே திருக மரை மிச்சம் இல்லை. கடைசி வரை திருகிவிட்டு, குறுக்கு போல்ட் நேராக வரும் வரை ஒரு சுற்றுக்குள் பின்வாங்க வேண்டும். மறுபடி கழற்றி, மறுபடி மாட்டி, அன்றைய ஞாயிறு அத்தோடு போனது. இதையும் பீரோவில் இருந்த கையேடு சொல்கிறது.

சக்கர பேரிங் நட்டை லேசாக இறுக்கி, ஒரு முகம் பின்வாங்கி, ஸ்ப்ளிட் பின் போட்டேன். பிரேக் ஹோஸ்களையும் வீல் சிலிண்டர்களையும் கையோடு மாற்றிவிட்டேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை. சக்கர நேருக்கு மீன்பிடி நைலான் கயிறும் இரண்டு அலுமினியப் பட்டையும். முன்பக்கம் 1/16 அங்குலம் உள்நோக்கி வைத்தேன். பிறகு நாலு ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்த்தார்கள், தொட வேண்டாம் என்று சொல்லி 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

ஆயிலுக்கென்று தனியாக ஒரு கன் வாங்கியிருக்கிறேன், 650 ரூபாய். அதில் சிவப்புப் பெயின்டால் '90' என்று எழுதி, கிரீஸ் கன்னை எடுத்து வேறு அலமாரியில் போட்டுவிட்டேன். கிரீஸ் கன்னில் ஆயில் ஊற்றினால் பின்பக்கம் கசியும். மூக்கைக் கீழே பார்த்துத் தொங்கவிட்டால் காலையில் அலமாரி முழுக்க ஆயில். மூக்கு மேலே இருக்கும்படி ஒரு பழைய பெயின்ட் டப்பாவுக்குள் நிற்க வைக்கிறேன். மார்கழியில் ஆயில் தேன் மாதிரி இறுகி, கன் மூச்சு விடாது. டப்பாவை அரை மணி நேரம் வெயிலில் வைத்தால் போதும். சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, பாரம் இல்லாமல் வைத்து, மேல் சீலில் புது ஆயில் எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு எட்டுப் பத்து அடி.

மொத்தக் கணக்கு 56,000-க்குக் கொஞ்சம் மேல். அதில் புதுப்பேட்டை, லேத், ஓசூர்ப் பயணங்கள் என்று வீணானது மட்டும் 11,000. ஜூனில் மடங்கிய சக்கரம் நவம்பர் கடைசியில் உருண்டது. திரும்பச் செய்வதென்றால் முதல் வாரமே கவென்ட்ரிக்குப் பட்டியல் அனுப்பிவிட்டு, பாகங்கள் வரும் வரை வண்டியைக் கழற்றாமல் மூடி வைப்பேன். கழற்றிப் போட்ட நான்கு மாதத்தில் இரண்டு வாஷரையும் ஒரு டஸ்ட் கவரையும் எலி கொண்டுபோய்விட்டது.

முதல் ஓட்டம் அதியமான்கோட்டை வரை. இரண்டாவது, பாய் பக்கத்தில் உட்கார, தொப்பூர் கணவாய் இறங்கி ஏறினோம். அவர் வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இடது சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்டியரிங் லேசாகியிருந்தது. பதினான்கு வருஷம் நான் வயதான வண்டி என்று நினைத்துத் தள்ளிய பாரமெல்லாம் கிரீஸ் பாரம்தான் போலிருக்கிறது. உடைந்த துண்டைப் பாய் கேட்டு வாங்கிக்கொண்டார். பட்டறையில் பில் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறார், பிறை மேலே தெரிகிற மாதிரி.

இன்று காலை கார் நின்ற இடத்தில் கிரானைட்டைப் பார்த்தேன். இடது சக்கரத்துக்குக் கீழே பத்துப் பைசா அளவுக்கு ஆயில் சொட்டு, எப்போதும் போல. வலது பக்கம் கல் காய்ந்து கிடக்கிறது. ஆயில் டப்பாவை மாடியில் வெயிலுக்கு வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு வலது பக்கத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.